மலைக்குப் போகுமுன் இரும்பைப் பாருங்கள் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், நீண்டதூர ஓட்டக்காரர்கள் ஏன் மலைப்பகுதிகளில் போய்த் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று நான்கைந்து வரி எழுதியிருந்தேன்: அங்கே தங்கினால் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் ரத்தத்தில் கூடும் என்பதற்காக. அதைத் தொட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இருபது ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி முகாம்களில் ஓட்டக்காரர்களின் ரத்தத்தைப் பரிசோதிக்கிற வேலை பார்த்தவள் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: மலை உச்சியில் ஆக்சிஜன் குறைவு என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பையன் எழுந்து, "இல்லை சார், அங்கேயும் 21 சதவீதம்தான்" என்கிறான். யார் சொல்வது சரி?
– உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்

பதில்: பையன் சொன்னதும் சரி, நீங்கள் சொன்னதும் சரி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எவ்வளவு உயரம் போனாலும் 20.9 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரத்தில் சுமார் 580தான். நுரையீரலுக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது இந்த அழுத்தம். அங்கே மூச்சை எவ்வளவு ஆழமாக இழுத்தாலும், உள்ளே தள்ளுகிற விசை கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான்.

இது விளையாட்டில் என்ன செய்யும் என்று உலகம் கண்ணால் பார்த்தது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில். 10,000 மீட்டரில் அன்றைய உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் வசம் இருந்தது: 27 நிமிடம் 39.4 வினாடி. மெக்சிகோவில் கென்யாவின் நஃப்தாலி தெமு தங்கம் வாங்கிய நேரம் 29 நிமிடம் 27.4 வினாடி. கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். அதே நகரத்தில், அதே வாரத்தில், பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். பழைய சாதனையைவிட 55 சென்டிமீட்டர் அதிகம். காற்று மெலிந்திருந்தால் குதிப்பவருக்கும் குறுந்தூரம் ஓடுபவருக்கும் தடை குறைகிறது. நிமிடக்கணக்கில் ஓடுபவருக்கு மூச்சே முட்டுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் மாணவன் ஒத்துக்கொள்வான்.

கேள்வி: ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது? மூளை சொல்கிறதா?
– பிளஸ் டூ உயிரியல் மாணவி

பதில்: நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. இரண்டு மட்டத்தில் தெரிகிறது.

முதலாவது, சில வினாடிகளில் நடப்பது. கழுத்தில், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் அரிசி மணி அளவில் ஒரு சிறு திசு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் அது உடனே மூளையை உசுப்புகிறது, மூச்சு வேகமாகிறது. மலைக்குப் போன முதல் நாள் படியேறினாலே இரைப்பது இதனால்தான்.

இரண்டாவதுதான் அற்புதம். மூளை தேவையில்லை. உன் உடம்பில் உட்கரு உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் தனக்கென்று ஒரு ஆக்சிஜன் அளவுகோல் இருக்கிறது. அதன் மையத்தில் இருப்பது ஒரு புரதம். முழுப்பெயர் நீளம், ஆய்வுக்கூடத்தில் நாங்கள் 'ஹிஃப்' என்றே சொல்வோம்.

பொதுவாக நாம் என்ன நினைப்போம்? ஆக்சிஜன் குறைந்தால் செல் ஏதோ ஒரு புதிய பொருளைத் தயாரித்து அபாய அறிவிப்பு செய்யும் என்றுதானே? நடப்பது அதற்கு நேர் எதிர். ஹிஃப் புரதத்தைச் செல் எப்போதும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடமும். தயாரித்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஒரு ஹிஃப் மூலக்கூறின் ஆயுள் சில நிமிடங்கள்தான்.

அழிப்பது எப்படி என்று கிட்டே போய்ப் பார்ப்போம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஹிஃப் சங்கிலியில் 402ஆவது இடத்திலும் 564ஆவது இடத்திலும் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஒரு என்சைம் வந்து, ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஒரு அணுவை எடுத்து அந்தப் புரோலினில் ஒட்டுகிறது. அது ஒட்டிய உடனே வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அடையாளம் கண்டுபிடித்து, 'இதை அழிக்கலாம்' என்று குறி போட்டுவிடும். குறி விழுந்த புரதத்தைச் செல்லின் அரவை எந்திரம் துண்டு துண்டாக்கிவிடும்.

இப்போது ஆக்சிஜன் குறைகிறது. ஒட்டுவதற்கு ஆக்சிஜன் இல்லை. குறி விழவில்லை. ஹிஃப் பிழைத்துக்கொள்கிறது. பிழைத்த ஹிஃப் செல்லின் உட்கருவுக்குள் போய், அங்கே காத்திருக்கும் தன் ஜோடிப் புரதத்தோடு சேர்ந்து, டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட எழுத்து வரிசை உள்ள இடங்களில் உட்காருகிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சிறுநீரகத்தில் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, சுருக்கமாக இ.பி.ஓ. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய் 'சிவப்பணுக்களைக் கூட்டு' என்கிறது. மற்ற திசுக்களில் புதிய ரத்த நுண்குழாய் வளரச் சொல்லும் புரதம், குளுக்கோஸை உள்ளே இழுக்கும் புரதம், இரும்பைச் சுமக்கும் புரதம் என்று வரிசையாக வருகின்றன. கீழே இறங்கி நல்ல காற்று கிடைத்ததும் சில நிமிடங்களில் ஹிஃப் மறுபடி அரவைக்குப் போய்விடும்.

செய்து செய்து அழிப்பது வீண் செலவு போலத் தோன்றும். ஆனால் ஆபத்து வந்த பிறகு ஒரு புரதத்தை முதலிலிருந்து தயாரிக்க நேரமாகும். அழிப்பதை நிறுத்த நேரமே ஆகாது. இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் கிரெக் செமென்ஸா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. புரோலினில் ஆக்சிஜன் ஒட்டுகிற சேதி வெளிவந்தது 2001இல். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறு வேலையே ஓடவில்லை எனக்கு.

இன்னொன்று, இதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள். அந்த ஒட்டுகிற என்சைமின் நடுவில் ஒரே ஒரு இரும்பு அணு இருக்கிறது. அடுத்த பதிலுக்கு அது வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 1500 மீட்டர் ஓடுகிறாள். அடுத்த மாதம் 2,300 மீட்டர் உயரத்தில் நான்கு வார முகாமுக்கு அழைத்துப் போகிறார்கள். ஹீமோகுளோபின் 12.6 இருக்கிறது, போதும் என்கிறார் கோச். அவளோ எப்போதும் சோர்வாக இருப்பதாகச் சொல்கிறாள். அனுப்பலாமா?
– ஒரு தாய்

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்கு முன்னால் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் போதாது. ஹீமோகுளோபின் என்பது கையில் புரளும் பணம்; இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின்தான் வங்கியில் இருக்கும் சேமிப்பு. சேமிப்பு தீர்ந்து, அதற்கும் பிறகுதான் கையிருப்பு குறையத் தொடங்கும். அதனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உள்ளே இரும்பு காலியாகியிருக்கலாம். மாதவிடாய் தொடங்கிய, தினமும் ஓடுகிற பெண் பிள்ளைகளிடம் இது மிகச் சாதாரணம்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் மகளின் உடம்பில் மொத்தம் 500 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல முகாமில் நான்கு வாரத்தில் 4 அல்லது 5 சதவீதம் கூடும். 5 சதவீதம் என்றால் 25 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்குச் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆக 85 மில்லிகிராம். குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது வழக்கமாக ஒன்றிரண்டு மில்லிகிராம்; அதுவும் அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாகப் போய்விடும். மிச்சம் சேமிப்பிலிருந்துதான் வரவேண்டும். ஃபெரிட்டின் அளவில் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 8 மில்லிகிராம் சேமிப்புக்குச் சமம். ஃபெரிட்டின் 10 என்றால் சேமிப்பே 80தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

எனக்கு இது புத்தகத்தில் வந்த ஞானம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு முகாமில் 19 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். விடியற்காலை ஐந்தரைக்கு விரல் நுனியில் ஆக்சிஜன் மானியை மாட்டுவோம். அவளுக்கு 91, 92 காட்டும். அந்த உயரத்துக்கு அது இயல்புதான். பயிற்சியில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. போகும்போதும் வரும்போதும் மொத்த ஹீமோகுளோபினை அளந்தோம். மிகக் குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடை அளந்து எடுத்து, ஒரு பையில் ஆக்சிஜனோடு கலந்து, இரண்டு நிமிடம் சுவாசிக்க வைப்போம். பிறகு விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்து, அந்த வாயு ஹீமோகுளோபினில் ஒட்டி எவ்வளவு நீர்த்துப் பரவியிருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவோம். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே யாரும் செய்யக்கூடாத சோதனை இது. நான்கு வாரம் கழித்து மற்ற எல்லோருக்கும் எண் கூடியிருந்தது. அவளுக்கு முன்பு இருந்த அதே எண். கருவி பழுது என்று நினைத்து இரண்டாவது முறையும் செய்தேன். அதே எண். அப்புறம்தான், வந்த அன்று எடுத்து உறையவைத்திருந்த ரத்தத்தில் ஃபெரிட்டின் பார்த்தோம். 9.

முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது என் வேலை. பார்க்கவில்லை. இ.பி.ஓ. அவள் உடம்பில் ஒழுங்காகத்தான் சுரந்திருக்கும். மஜ்ஜை கேட்டிருக்கும். கொடுக்க இரும்பில்லை. இரும்பு வேண்டியது ஹீமோகுளோபினுக்கு மட்டுமா? தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினுக்கு வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் சக்தி உண்டாக்கும் புரதங்களுக்கு வேண்டும். மேலே அந்த மாணவிக்குச் சொன்னேனே, ஹிஃப்பில் ஆக்சிஜனை ஒட்டும் என்சைம், அதற்கும் வேண்டும். இவ்வளவு இடத்துக்கும் பங்கு போக வேண்டிய இரும்பு அவளிடம் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஒரு மாத உழைப்பு அந்தப் பிள்ளைக்கு வீணாய்ப் போனது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: இந்த வாரமே பரிசோதனை. 30க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்து தொடங்குங்கள், முகாமைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். நேரமும் முக்கியம். கடுமையாக ஓடிய பிறகு மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது குடலில் இரும்பு நுழைகிற கதவைச் சாத்திவிடும். அதனால் காலைப் பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் மாத்திரை போடுவது நல்லது. டீ, காபி அதோடு சேர வேண்டாம். பரிசோதனை செய்யாமல் மட்டும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். உடம்பில் அளவுக்கு மீறி இரும்பு சேர்கிற பரம்பரைக் கோளாறு சிலருக்கு உண்டு, அவர்களுக்கு அது விஷம். அந்தச் சோர்வையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளை சோர்வு என்று சொன்னால் சோர்வுதான்.

கேள்வி: மலையில் எடை தூக்கிப் பயிற்சி செய்தால் தசை இரட்டிப்பாக வளரும் என்கிறார்களே?
– ஜிம் பயிற்சியாளர்

பதில்: வளராது. உயரம் கூடக்கூடத் தசை இளைக்கும். 1985இல் 8 ஆண்களை ஒரு அழுத்த அறையில் 40 நாள் வைத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எவரெஸ்ட் உச்சி வரை 'ஏற்றினார்கள்'. விரும்பியதைச் சாப்பிடலாம், குளிர் இல்லை, பனி இல்லை. அப்படியும் எடை குறைந்தது, தசை நார்கள் மெலிந்தன. ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் செல் செலவைச் சுருக்குகிறது. புதிய புரதம் கட்டுவது பெரிய செலவு, அதைத்தான் முதலில் நிறுத்தும்.

2,000 மீட்டரில் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் தசைக்குள் எரிபொருள் வழி மாறுகிறது. குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகும். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனால்தான் ஆக்சிஜனோடு முழுதாக எரியும். ஹிஃப் அந்த வாசலைப் பாதி சாத்தி வைக்கிறது, இருக்கிற ஆக்சிஜன் தாங்கட்டும் என்று. மிச்சம் லாக்டேட்டாகப் போகிறது. கடல் மட்டத்தில் சுலபமாக ஓடுகிற வேகத்திலேயே மலையில் விரல் ரத்தத்தில் லாக்டேட் கூடுதலாகக் காட்டுவது இதையெல்லாம் சேர்த்துத்தான். சும்மா கடல் மட்டத்தில் முழு வேகத்தில் ஓடினாலே வேலை செய்யும் தசைக்குள் ஆக்சிஜன் அழுத்தம் மூன்று நான்கு மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறங்கிவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடினமான பயிற்சி ஒவ்வொன்றிலும் தசை தன் மலையைத் தானே ஏறிவிட்டுத்தான் வருகிறது.

கேள்வி: மூக்கையும் வாயையும் மூடுகிற பயிற்சி மாஸ்க் போட்டு ஓடினால் மலையில் ஓடிய பலன் வருமா?
– கல்லூரி மாணவர்

பதில்: வராது தம்பி. அது மூச்சிழுக்கக் கஷ்டப்படுத்துகிறது, அவ்வளவுதான். மலையில் உடம்பு மாறுவது ஓடுகிற ஒரு மணி நேரத்தால் இல்லை. தூங்குகிற, சாப்பிடுகிற, உட்கார்ந்திருக்கிற மீதி 23 மணி நேரத்தால். அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலையில் தங்கினால் இ.பி.ஓ. தானாகச் சுரக்கிறது. ஊசியில் போட்டால் மட்டும் ஊக்கமருந்து என்று தடை செய்கிறார்கள். இது நியாயமா?
– வாசகர் ஒருவர்

பதில்: நியாயம்தான் என்பேன். மலையில் சுரக்கும் இ.பி.ஓ. ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், உடம்பு பழகப் பழகத் தானே இறங்கும். ஹிஃப் தன்னை அழிக்கும் என்சைமையே கூடுதலாக உண்டாக்கச் சொல்கிறது. கடிவாளம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஊசிக்குக் கடிவாளம் கிடையாது. ரத்தம் குழம்பாகக் கெட்டிப்பட்டு, ஓய்வில் இதயம் மெதுவாகத் துடிக்கும் இரவு நேரத்தில் உறைந்துபோகிற ஆபத்து உண்டு.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு கனமான விஷயம் இருக்கிறது. ஈரோ மான்டிரான்டா என்று ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர். 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். அவருடைய ஹீமோகுளோபின் இயல்பைவிட மிக மிக அதிகம் என்பதால் ஊக்கமருந்து சந்தேகம் அவரை விடவே இல்லை. 1993இல் அவர் குடும்பத்தை ஆராய்ந்தபோது உண்மை வெளியே வந்தது. இ.பி.ஓ.வை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தில் பிறவியிலேயே வால் பகுதி துண்டாகியிருந்தது. 'போதும், நிறுத்து' என்கிற சமிக்ஞை அந்த வாலில்தான் இருக்கிறது. சுரப்பது சாதாரண அளவுதான், அவர் மஜ்ஜை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மனிதரைச் சந்தேகப்படும் முன் இதை நினைத்துக்கொள்வேன்.

அதற்காக, ரத்தம் கெட்டிப்படப்பட நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைமுறை தலைமுறையாக 4,000 மீட்டரில் வாழும் திபெத்தியர்களுக்கு, அவ்வளவு உயரத்திலும் ஹீமோகுளோபின் பெரிதாகக் கூடுவதில்லை. ஹிஃப் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவில் அவர்களுக்கு இருக்கும் மாற்றம் அதை அடக்கி வைக்கிறது. டெனிசோவன் என்ற அழிந்துபோன ஆதிமனித இனத்திலிருந்து அது வந்தது என்று 2014இல் காட்டினார்கள். ஆண்டீஸ் மலைக்காரர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறுகிறது. அவர்களில் சிலருக்கு அதுவே நோயாகவும் முடிகிறது.

கேள்வி: நான்கு வார முகாம் முடிந்து இறங்கி இரண்டு நாள் ஆகிறது. பத்தாம் நாள் 5000 மீட்டர் போட்டி. கால் கனமாக இருக்கிறது. முகாமில் எல்லாப் பயிற்சியும் மேலேயேதான் செய்தோம். தப்பு செய்துவிட்டோமா?
– ஓட்டக்காரர் ஒருவர்

பதில்: தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. 1997இல் பெஞ்சமின் லெவைன், ஜேம்ஸ் ஸ்ட்ரே-குண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 39 ஓட்டக்காரர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி எடுத்தது. இன்னொரு குழு மேலேயே தங்கி மேலேயே ஓடியது. மூன்றாவது குழு கீழேயே. நான்கு வாரத்தில் மேலே தங்கிய இரண்டு குழுவுக்கும் ரத்தம் கூடியது. ஆனால் 5000 மீட்டரில் நேரம் குறைந்தது இறங்கி ஓடிய குழுவுக்கு மட்டும். சராசரியாக 13 வினாடி. மேலேயே ஓடியவர்களால் வேகமான பயிற்சிகளை வேகமாகச் செய்ய முடியவில்லை, கால் தன் வேகத்தை மறந்துவிட்டது. அந்த ஆய்விலும் எல்லோருக்கும் ஒரே பலன் வரவில்லை. ஒரே உயரத்தில் ஒருவருக்கு இ.பி.ஓ. எகிறும், பக்கத்துக் கட்டிலில் படுப்பவருக்கு லேசாக நகரும்.

இப்போது உங்கள் உடம்பில் நடப்பது இதுதான்: மேலே போன முதல் வாரம் ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கியிருந்தது, கீழே வந்ததும் அது மறுபடி கூடுகிறது. இ.பி.ஓ. இயல்புக்கும் கீழே விழுந்திருக்கும். கனமான கால் பலருக்கும் இந்த நாட்களில் வருவதுதான். நான்கு நாள் மெதுவாக ஓடுங்கள். ஆறாம் நாள் 400 மீட்டர் சில, போட்டி வேகத்தில், நிறைய இடைவெளி விட்டு. மேலே சம்பாதித்த சிவப்பணுக்கள் பத்து நாளில் காணாமல் போய்விடாது. இரும்பு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் மருத்துவர் சொல்லும் வரை நிறுத்த வேண்டாம். இறங்கிய நாளிலிருந்து தினமும் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சிலருக்கு மூன்றாம் நாள் நன்றாக இருக்கும், சிலருக்கு பதினெட்டாம் நாள். போட்டி முடிந்ததும் நேரத்தையும் அந்த வரிகளையும் எனக்கு அனுப்புங்கள், அடுத்த முகாமுக்கான தேதியைச் சேர்ந்து குறிப்போம்.